சோப்புக்குப் பகையான நீர் செடிக்கும் பகையா?

வீட்டு வாசலில் சில தொட்டிகளை வைத்து ரோஜாவும் செம்பருத்தியும் வளர்ப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். இலை வெளுத்தாலும், மொட்டு உதிர்ந்தாலும், செடியே வாடினாலும் அவர்கள் முதலில் குற்றம் சாட்டுவது தண்ணீரைத்தான். "எங்கள் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பூ மட்டும் எப்படிப் பூக்கும்?" என்பார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சோப்புக்கு ஒவ்வாத நீர் செடிக்கும் ஒவ்வாது என்று நமக்குச் சொன்னவர் யார்? இதற்கு விடை தேடிப் போனால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுவையான வரலாறு ஒன்று கிடைக்கிறது. அதில் மருத்துவர்கள் வருகிறார்கள். துணி வெளுப்போர் வருகிறார்கள். வேதியியல் அறிஞர்கள் வருகிறார்கள். நிறம் மாறும் ஒரு பூவும் வருகிறது.

கடின நீர் என்பது என்ன என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். மேகத்திலிருந்து விழும் மழைநீர் ஏறத்தாழத் தூய்மையானது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு அது மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புப் பாறைகளைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இவ்வாறு கால்சியம், மக்னீசியம் ஆகிய உலோகங்களின் உப்புகள் கலந்த நீரைக் கடின நீர் என்கிறோம். இவ்வுப்புகள் பைகார்பனேட்டுகளாக இருந்தால் நீரைக் கொதிக்கவைத்தே நீக்கலாம். இது தற்காலிகக் கடினத்தன்மை. சல்பேட்டுகளாகவோ குளோரைடுகளாகவோ இருந்தால் கொதிக்கவைத்தும் பயனில்லை. இது நிலைத்த கடினத்தன்மை. பள்ளியில் படித்த இந்தப் பிரிவினை நினைவில் இருக்கட்டும். நம் வழக்கின் தீர்ப்பே இதில்தான் அடங்கியிருக்கிறது.

புதினாவும் குழாய் நீரும்

செடி எதை உண்டு வளர்கிறது என்ற கேள்வியைத் தராசில் வைத்துப் பார்த்தவர்களுள் முன்னோடி, பெல்ஜியம் நாட்டு மருத்துவர் வான் ஹெல்மான்ட். உலர்த்திய மண் 200 பவுண்டு எடுத்து ஒரு தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் நீரைத் தவிர வேறெதுவும் தரவில்லை. மரத்தின் எடை 169 பவுண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மண்ணோ இரண்டு அவுன்ஸ் அளவே குறைந்திருந்தது. "ஆகவே மரம் முழுவதும் நீரால் ஆனது" என்று அவர் முடிவு செய்தார். அவர் இறந்தபின் 1648இல் வெளியான நூலில் இச்சோதனை இடம்பெற்றது. காற்றிலுள்ள கரியமில வாயுவே மரத்தின் உடலாகிறது என்பதை அக்காலத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை. மண்ணில் குறைந்த அந்த இரண்டு அவுன்ஸை அவர் பொருட்படுத்தவும் இல்லை. ஆனால் நம் கதை அந்த இரண்டு அவுன்ஸைப் பற்றியதுதான்.

அரை நூற்றாண்டு கழித்து, லண்டனில் ஜான் உட்வர்டு என்ற மருத்துவர் வேறொரு கேள்வியைக் கேட்டார். ஹெல்மான்ட் மழைநீரையோ, காய்ச்சி வடித்த நீரையோ ஊற்றினார். எல்லா நீரும் ஒரே நீர்தானா? உட்வர்டு புதினாச் செடிகளைக் கண்ணாடிக் குப்பிகளில் வளர்த்தார். ஒன்றில் மழைநீர், ஒன்றில் ஊற்றுநீர், ஒன்றில் தேம்ஸ் ஆற்று நீர். வேறு சிலவற்றில் லண்டன் ஹைட் பார்க் நீர்க்குழாயில் வந்த நீர். செடிகளின் எடையை நடுமுன்னும் சில வாரங்கள் கழித்தும் கிரெயின் கணக்கில் நிறுத்தார். பதினைந்து கிரெயின் ஏறத்தாழ ஒரு கிராம்.

அவர் கண்ட எண்களுள் மூன்றை மட்டும் பார்ப்போம். ஹைட் பார்க் நீரைக் காய்ச்சி வடித்து ஊற்றியபோது, 114 கிரெயின் எடையிருந்த செடி 41 கிரெயின் கூடியது. அதே நீரை வடிக்காமல் ஊற்றியபோது, 110 கிரெயின் செடி 139 கிரெயின் கூடியது. அந்த நீரில் தோட்டத்து மக்கு மண்ணைச் சிறிது கலந்தபோது, 92 கிரெயின் செடி 284 கிரெயின் கூடியது. அதாவது தூய்மையான நீரில் வளர்ச்சி மிகக் குறைவு. 'அழுக்கு' சேரச் சேர வளர்ச்சி மிகுதி. நீர் வெறும் வாகனம், அது சுமந்து வரும் மண்பொருளே செடியின் உணவு என்று உட்வர்டு 1699இல் எழுதினார். காற்றின் பங்கை அவரும் அறியவில்லை. எனினும் நீர் சுமந்து வரும் பொருள் செடிக்கு இன்றியமையாதது என்ற பாதி உண்மையைப் பிடித்துவிட்டார். குழாய் நீரைக் கொண்டு செடி வளர்த்து, எடை போட்டு எழுதிய தொடக்கக்காலப் பதிவுகளில் இது ஒன்று எனலாம்.

வெளுப்புப் பட்டறையிலிருந்து தோட்டத்துக்கு

இனி ஸ்காட்லாந்துக்குச் செல்வோம். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே லினன் துணித் தொழில் செழித்திருந்தது. துணியை வெளுக்கச் சோப்பும் காரமும் வேண்டும். கடின நீரில் சோப்பு, நுரையாவதற்குப் பதிலாக வெண்ணிறத் திரிதிரியாகப் படிந்து வீணாகும். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. நீரிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றித் தான் அந்த இடத்தில் அமர்ந்துகொள்கிறது. கால்சியம் சோப்பு நீரில் கரையாது. நீரிலுள்ள கால்சியம் முழுவதும் இப்படித் தீர்ந்த பிறகே நுரை எழும். ஆகவே கடின நீர் வெளுப்பவருக்குப் பண இழப்பு.

எடின்பரோ மருத்துவர் பிரான்சிஸ் ஹோம் இத்தொழிலை ஆராய்ந்து 1756இல் ஒரு நூல் எழுதினார். கடின நீரை மென்மையாக்கும் வழிகளும் அதில் உள்ளன. அவரே 1757இல் வேளாண்மையும் செடி வளர்ச்சியும் பற்றி இன்னொரு நூலை வெளியிட்டார். தொட்டிகளில் செடி வளர்த்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பொருளைச் சேர்த்துப் பார்த்த சோதனைகள் அதில் இருக்கின்றன. வெடியுப்பு செடியை வளர்த்தது. பொட்டாசியம் சல்பேட்டும் வளர்த்தது. எப்சம் உப்பும் வளர்த்தது.

இந்த மூன்றாவது பெயரைக் கவனியுங்கள். எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். இங்கிலாந்தில் எப்சம் என்னும் ஊரின் கசப்பு நீரிலிருந்து பெறப்பட்டதால் அப்பெயர். அதைப் பற்றி 1695இல் தனி நூல் எழுதிய நெகமையா குரூ, செடிகளின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் கண்டு எழுதியவராகவும் புகழ்பெற்றவர். நீருக்கு நிலைத்த கடினத்தன்மை தரும் உப்புகளில் மக்னீசியம் சல்பேட்டும் ஒன்று. சோப்பை வீணாக்கும் பொருளே செடியை வளர்த்திருக்கிறது! வெளுப்புப் பட்டறையின் பகைவன் தோட்டத்தில் நண்பனாக நின்றதை ஒரே மனிதரின் இரண்டு நூல்களிலும் காண்கிறோம். காரணம் அன்று தெரியாது. இலைப் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசியம் அணு அமர்ந்திருக்கிறது என்பது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் அறிஞர் வில்ஸ்டாட்டர் செய்த ஆய்வுகளால்தான் நிலைபெற்றது.

நுரையைக் கொண்டு அளந்தவர்

கடினத்தன்மைக்கு ஓர் அளவுகோல் செய்து தந்தவர், அபர்டீன் நகரில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க். அளவு தெரிந்த சோப்புக் கரைசலை நீரில் சிறிது சிறிதாக விட்டுக் குலுக்க வேண்டும். எழும் நுரை ஐந்து நிமிடம் கலையாமல் நின்றால் நிறுத்திவிடலாம். செலவான சோப்பின் அளவே கடினத்தன்மையின் அளவு. ஒரு காலன் நீரில் ஒரு கிரெயின் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான உப்பு இருந்தால் அது ஒரு கிளார்க் பாகை. இன்றைய கணக்கில் இது லிட்டருக்கு 14.3 மில்லிகிராம்.

அளந்ததோடு அவர் நிற்கவில்லை. தேம்ஸ் நீரை மென்மையாக்க 1841இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். நீரில் சுண்ணாம்பைச் சேர்ப்பதே அம்முறை. சுண்ணாம்பால் கடினமான நீருக்கு மேலும் சுண்ணாம்பா என்று வியப்பாக இருக்கும். சேர்த்த சுண்ணாம்பு, நீரிலுள்ள பைகார்பனேட்டைக் கரையாத கார்பனேட்டாக மாற்றுகிறது. பழைய கால்சியமும் புதிய கால்சியமும் சேர்ந்தே அடியில் படிந்துவிடுகின்றன.

மென்னீரின் மதிப்பு நகரங்களுக்கும் புரிந்தது. கிளாஸ்கோ நகரம் லாக் காட்ரின் ஏரியின் நீரை 1859இல் குழாய் வழியே கொண்டுவந்தது. மான்செஸ்டர் நகருக்குத் தேர்ல்மியர் ஏரி நீர் 1894இல் வந்தது. இரண்டும் மிக மென்மையான நீர். லண்டனோ சுண்ணாம்புப் பாறை நிலத்து நீரையே நம்பியிருந்தது. இன்றும் லண்டன் குழாய் நீரின் கடினத்தன்மை லிட்டருக்குச் சுமார் 250 முதல் 300 மில்லிகிராம்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். எந்தக் கேள்விக்காக ஓர் அளவுகோல் செய்யப்பட்டதோ, அந்தக் கேள்விக்குத்தான் அது விடை சொல்லும். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்வது இது. கிளார்க்கின் அளவுகோல் சோப்புக்காகச் செய்யப்பட்டது. 'இந்த நீர் எவ்வளவு சோப்பைத் தின்னும்?' என்பதே அதன் கேள்வி. 'இந்த நீரில் செடி பூக்குமா?' என்று அது கேட்கவே இல்லை. ஆனால் பிற்காலத்தில் மக்கள் அந்த விடையைக் கொண்டே செடிக்கும் தீர்ப்பு எழுதினார்கள்.

குடுவையில் வளர்ந்த செடி

செடியின் கேள்விக்கு விடை தேடியவர்கள் வேறு பாதையில் சென்றுகொண்டிருந்தனர். செடியின் சாம்பலில் உள்ள தாதுப் பொருள்கள் வேரின் வழியாகவே வருகின்றன என்று ஜெனீவா அறிஞர் தியோடர் டி சோசூர் 1804இல் காட்டினார். செடிக்கு வேண்டியவை கனிமப் பொருள்களே என்ற கருத்தை ஜெர்மனியில் ஸ்பிரெங்கலும், 1840இல் வெளிவந்த தம் நூலின் மூலம் லீபிக்கும் பரப்பினர். 1860ஐ ஒட்டி சாக்ஸ், நாப் என்ற இரு ஜெர்மன் அறிஞர்கள் மண்ணையே நீக்கிவிட்டு, சில உப்புகளைக் கரைத்த நீரில் மட்டும் செடியை வளர்த்துக் காட்டினர். நாப் கரைசலில் மிகுதியாக இருப்பது கால்சியம் நைட்ரேட். அதனுடன் பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் பாஸ்பேட், மக்னீசியம் சல்பேட், சிறிதளவு இரும்பு ஆகியவை உண்டு.

இதன் வளர்ச்சியே 1938இல் கலிபோர்னியாவில் ஹோக்லாந்து, ஆர்னன் இருவரும் வெளியிட்ட கையேட்டின் கரைசல். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் பயன்படும் அந்த ஹோக்லாந்து கரைசலில் ஒரு லிட்டருக்கு நைட்ரஜன் 210 மில்லிகிராம், பொட்டாசியம் 235, கால்சியம் 200, மக்னீசியம் சுமார் 48, பாஸ்பரஸ் 31 என்ற அளவில் இருக்கின்றன.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். கால்சியத்தின் அணு எடை 40. கால்சியம் கார்பனேட்டின் மூலக்கூறு எடை 100. ஆகவே 200 மில்லிகிராம் கால்சியம் 500 மில்லிகிராம் கடினத்தன்மைக்குச் சமம். மக்னீசியத்தின் அணு எடை சுமார் 24. ஆகவே 48 மில்லிகிராம் மக்னீசியம் 200 மில்லிகிராம் கடினத்தன்மை தரும். இரண்டும் சேர்ந்தால் 700!

செடி தழைத்து வளர அறிஞர்கள் தேர்ந்து தயாரித்த கரைசல், சோப்பின் அளவுகோலில் மிக மிகக் கடினமான நீர். இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு விரும்பத்தக்கதாகக் கூறும் கடினத்தன்மை 200 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் ஏற்கத்தக்க உச்ச வரம்பு 600. ஹோக்லாந்து கரைசல் அந்த வரம்பையும் தாண்டுகிறது. பல செடிகளுக்கு அதைப் பாதியாக நீர்த்துத் தருவது வழக்கம். அப்போதும் அது 350.

கால்சியம் செடிக்கு ஏன் அவ்வளவு வேண்டும்? செல்களின் சுவர்களை இணைத்து உறுதியாக்குவது கால்சியம். அது நீரோட்டத்துடன் வேரிலிருந்து மேலே செல்லும். ஆனால் ஓர் இலையில் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து இளந்தளிருக்கோ மொட்டுக்கோ எளிதில் திரும்பி வராது. ஆகவே அது நாள்தோறும் நீருடன் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். மிக மென்மையான நீர் கிடைக்கும் ஊர்களில் மண்ணின்றிப் பூச்செடி வளர்ப்போர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் விலைக்கு வாங்கிச் சேர்க்கிறார்கள். கடின நீர்க்காரருக்கு அவை குழாயிலேயே வருகின்றன. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவற்றைத்தான் பெரும்பாலும் உரமாகத் தர வேண்டியிருக்கும்.

உண்மைக் குற்றவாளி

அப்படியானால் கடின நீரால் செடி வெளுக்கிறது என்பது பொய்யா? பொய்யன்று. வெளுப்பது உண்மை, குற்றவாளியின் பெயர்தான் தவறு.

ஹோக்லாந்து கரைசலில் கால்சியம் நைட்ரேட்டுடன் சேர்ந்து வருகிறது. நைட்ரேட்டைச் செடி உண்டுவிடும். குழாய் நீரில் கால்சியம் பெரும்பாலும் பைகார்பனேட்டுடன் வருகிறது. பைகார்பனேட்டு மண்ணிலுள்ள அமிலத்தை நடுநிலையாக்கிவிடுகிறது. நீர் ஆவியாகும்போது மண்ணில் சுண்ணாம்பாகத் தங்கவும் செய்கிறது. தொட்டியின் வெளிப்புறத்தில் நாம் காணும் வெண்படலம் இதுவே.

300 மில்லிகிராம் தற்காலிகக் கடினத்தன்மை உள்ள நீரை ஒரு தொட்டிக்கு நாள்தோறும் அரை லிட்டர் ஊற்றுவதாகக் கொள்வோம். நூறு நாளில் 50 லிட்டர். அதில் வருவது 15 கிராம் சுண்ணாம்புக் கல்லுக்குச் சமம். நிலத்தில் இது பொருட்டல்ல. பரந்த மண்ணும் மழையும் சமாளித்துக்கொள்ளும். ஒரு சிறு தொட்டியில், அடியில் வடிந்து போவதைக் கழித்தாலும், மண்ணின் இயல்பையே மாற்ற இது போதும்.

மண்ணின் அமிலத்தன்மை குறைந்தால் என்ன ஆகும்? இரும்பு கரையாத பொருளாகிவிடும். மண்ணில் இரும்பு ஏராளமாக இருந்தும் வேருக்கு எட்டாது. பச்சையம் உருவாக இரும்பு வேண்டும். எனவே நரம்புகள் பச்சையாகவே இருக்க, இளம் இலைகளின் இடைப்பரப்பு மஞ்சளாகும். இவ்வாறு வெளுத்த செடிகளுக்கு இரும்பு உப்புக் கரைசல் தந்து மீண்டும் பச்சையாக்கலாம் என்று யூசேப் கிரி என்ற பிரெஞ்சுக்காரர் 1843இல் காட்டினார். இலையின்மேல் கரைசல் பட்ட இடம் பச்சையானது. நோய் இரும்புப் பஞ்சம் என்பது தெளிவாயிற்று. ஆனால் இரும்பிருந்தும் பஞ்சம் ஏன் என்பதைக் கணக்கில் வைத்துப் பேச, அமில கார நிலையை அளக்கும் எண் தேவைப்பட்டது. கோபன்ஹேகன் நகரில் சோரன்சன் 1909இல் பி.எச். அளவை உருவாக்கிய பின்பே அது கைகூடியது.

நிறம் மாறும் பூ

நீரும் மண்ணும் பேசும் இந்த வேதியியல் மொழியை நம் கண்ணுக்குக் காட்டும் பூ ஒன்று உண்டு. அது ஹைட்ராஞ்சியா. கிழக்காசியாவிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்றது. நம் உதகையிலும் கொடைக்கானலிலும் சாலையோரங்களில் பந்து பந்தாகப் பூத்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரே செடியின் கிளையை வெட்டி இரண்டு இடத்தில் நட்டால் ஓரிடத்தில் நீலமாகவும் ஓரிடத்தில் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் நீலப் பூ வேண்டிச் செடியின் அடியில் துருப்பிடித்த ஆணிகளைப் புதைத்துப் பார்த்தார்கள். இரும்புதான் நீலம் தருகிறது என்பது அவர்கள் எண்ணம்.

அது இரும்பல்ல, அலுமினியம் என்பதை மோலிஷ் என்ற அறிஞர் 1897இல் படிகாரம் முதலிய அலுமினிய உப்புகளைக் கொண்டு காட்டினார். 1937இல் இங்கிலாந்தில் செனரியும், 1943இல் அமெரிக்காவில் ஆலனும் செய்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின. நீலப் பூவிலும் சிவப்புப் பூவிலும் உள்ள நிறமி ஒன்றே. அலுமினியம் அதனுடன் சேர்ந்தால் நீலம்; சேராவிட்டால் இளஞ்சிவப்பு. அலுமினியம் எல்லா மண்ணிலும் உண்டு. ஆனால் அமில மண்ணில்தான் கரையும். பி.எச். ஐந்தரைக்குக் கீழே இருந்தால் நீலம் எதிர்பார்க்கலாம். ஆறரைக்கு மேலே போனால் அலுமினியம் கரையாமல் அடைபட்டுவிடும். நீலகிரியின் அமில மண்ணில் நீலம் எளிதில் வருவதும், சுண்ணாம்பு நிலத்தில் இளஞ்சிவப்பே வருவதும் இதனால்தான்.

தொட்டியில் வளரும் நீல ஹைட்ராஞ்சியாவுக்குப் பைகார்பனேட்டு மிகுந்த குழாய் நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், மண்ணின் அமிலம் மெல்ல மெல்லத் தீர்ந்து, அடுத்தடுத்த பருவங்களில் பூ சிவக்கத் தொடங்கும். செடி கெட்டுவிடவில்லை, தனக்கு வரும் நீரைப் பற்றி நிறத்தால் செய்தி சொல்கிறது. அசேலியா, கமேலியா போன்ற அமில மண் செடிகளுக்கு இந்த வசதி இல்லை. அவை இலை வெளுத்துத்தான் செய்தி சொல்லும்.

இரண்டு வகை மென்னீர்

இந்த வரலாற்றின் விந்தையான திருப்பம் இனிமேல்தான். 1850இல் இங்கிலாந்தில் தாம்சன், வே என்ற இருவர் உரம் மண்ணில் எப்படித் தங்குகிறது என்று ஆராய்ந்தனர். அம்மோனியம் சல்பேட் கரைசலை மண்ணின் வழியே ஊற்றினால், அடியில் கால்சியம் சல்பேட் கரைசல் வந்தது. மண் அம்மோனியத்தை வாங்கிக்கொண்டு கால்சியத்தைக் கொடுத்திருந்தது. இதுவே அயனிப் பரிமாற்றம். வேளாண்மைக்காகக் கண்டறிந்த இந்த உண்மையை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கான்ஸ் என்பவர் நீரை மென்மையாக்கப் பயன்படுத்தினார். செயற்கை சியோலைட் என்னும் பொருளின் வழியே கடின நீர் சென்றால், கால்சியம் தங்கிவிடும். அதற்கு ஈடாகச் சோடியம் நீரில் கலக்கும். இன்று வீடுகளில் சமையல் உப்பு இட்டுப் புதுப்பிக்கும் மென்னீர்க் கருவிகள் இதே கொள்கையில்தான் இயங்குகின்றன. அவற்றில் இப்போது செயற்கைப் பிசின் மணிகள் இருக்கும்.

சோப்புக்கு இந்த நீர் மிக நல்லது. செடிக்கு? நாம் எடுத்துக்கொண்ட 300 மில்லிகிராம் நீரையே பார்ப்போம். அதில் இருந்த 120 மில்லிகிராம் கால்சியம் போய்விட்டது. அதற்கு ஈடாக 138 மில்லிகிராம் சோடியம் வந்துவிட்டது. நூறு நாளில் தொட்டிக்குள் ஏறத்தாழ 7 கிராம் சோடியம்! அது களிமண் துகள்களின் கட்டைக் கலைத்து மண்ணை இறுக்கும். பைகார்பனேட்டோ ஒரு துளியும் குறையவில்லை. நண்பன் வெளியேறினான்; குற்றவாளி உள்ளேயே இருக்கிறான்; புதிய பகைவன் ஒருவனும் சேர்ந்துகொண்டான்.

இதற்கு மாறாக, கொதிக்கவைத்து ஆறிய நீரிலும் கிளார்க் முறையில் தெளிந்த நீரிலும் கால்சியத்துடன் பைகார்பனேட்டும் குறைகிறது. சோடியம் கூடுவதில்லை. மென்மையாக்கிய நீர் என்று பெயர் ஒன்றுதான். சோப்பு இரண்டிலும் நன்றாகவே நுரைக்கும். ஆனால் செடி இரண்டையும் வேறு பிரித்தறியும்.

செடிக்கென்று ஓர் அளவுகோல்

பாசன நீருக்கெனத் தனி அளவுகோல் உருவாயிற்று. 1950இல் ஈட்டன் என்பவர், நீரிலுள்ள கார்பனேட்டு, பைகார்பனேட்டு ஆகியவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து கால்சியம், மக்னீசியத்தின் கூட்டுத்தொகையைக் கழிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் லிட்டருக்கு மில்லி சமான எடை என்ற அலகில் கணக்கிட வேண்டும். 1954இல் அமெரிக்க உவர்நில ஆய்வகம் வெளியிட்ட கையேட்டின்படி, கழித்து வரும் மீதி 1.25க்குக் கீழே இருந்தால் நீர் பெரும்பாலும் பாதுகாப்பானது, 2.5க்கு மேலே இருந்தால் பாசனத்துக்கு ஏற்றதன்று.

நம் கடின நீரில் கால்சியம் 6, பைகார்பனேட்டு 6. மீதி சுழி. அதே நீரைச் சோடியக் கருவியில் மென்மையாக்கிய பின் கால்சியம் இல்லை, பைகார்பனேட்டு 6. மீதி 6! சோப்பின் அளவுகோலில் தோற்ற நீர் இங்கே வெல்கிறது. அங்கே வென்ற நீர் இங்கே தோற்கிறது. சோடியத்தால் மண் கெடுமா என்பதை மட்டுமே ஈட்டனின் கணக்கு சொல்லும். அமில மண் செடிக்கு இரும்பு கிடைக்குமா என்பதைச் சொல்லாது. ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒரு கேள்விதான்.

சோப்பை நம்பிய பழைய சோதனையின் இடத்தை 1940களில் சுவிட்சர்லாந்தின் சுவார்சன்பாக் ஆய்வுகளிலிருந்து பிறந்த ஈ.டி.டி.ஏ. முறை பிடித்தது. கல்லூரி வேதியியல் கூடத்தில் திராட்சைச் சிவப்பு நிறம் நீலமாக மாறும்வரை சொட்டுச் சொட்டாக விடுவோமே, அதே ஈ.டி.டி.ஏ.தான். உலோக அயனியை நண்டுபோல் கவ்விப் பிடிப்பது அதன் இயல்பு. 1951இல் ஜேக்கப்சன் என்பவர் அதைக் கொண்டு இரும்பைப் பிடித்துச் செடிக் கரைசலில் இட்டபோது, இரும்பு படியாமல் கரைந்தே நின்றது. கடினத்தன்மையை அளக்கும் பொருளே, கடின நீரால் வரும் இலை வெளுப்புக்கும் மருந்தாயிற்று! காரத்தன்மை மிகுந்த மண்ணில் ஈ.டி.டி.ஏ. இரும்பை விட்டுவிடும் என்பதால், அங்கே இதைவிட வலிமையாகப் பிடிக்கும் உறவினப் பொருள்கள் பயன்படுகின்றன.

நம் தொட்டிக்கு வருவோம்

இனி உங்கள் வீட்டுத் தண்ணீரை நீங்களே விசாரிக்கலாம். நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிந்ததை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். கொதிக்காத நீரிலும் கொதித்த நீரிலும் சம அளவு எடுத்து, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டுக் குலுக்குங்கள். கொதித்த நீர் மிகக் குறைந்த சொட்டுகளில் நுரைத்தால் உங்கள் நீரின் கடினத்தன்மை பெரும்பாலும் பைகார்பனேட்டால் வந்தது. இரண்டுக்கும் வேறுபாடு சிறிதே என்றால் அது பெரும்பாலும் நிலைத்த கடினத்தன்மை. எளிதில் நுரைத்தும் நாவில் உப்புக் கரித்தால் சோடியத்தைச் சந்தேகிக்க வேண்டும். உறுதியாக அறிய மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, கடினத்தன்மையுடன் பைகார்பனேட்டு, சோடியம் ஆகியவற்றின் அளவையும் கேட்டு வாங்குங்கள். கடினத்தன்மை என்ற ஒரே எண் போதாது.

தற்காலிகக் கடினத்தன்மை மிகுந்த நீரில் ரோஜாவும் செம்பருத்தியும் வளர்ப்போர் அஞ்ச வேண்டியதில்லை. மண்ணில் தொழு உரமும் மக்கும் தாராளமாக இருக்கட்டும். அவ்வப்போது நீர் அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். மழைக்காலத்தில் தொட்டிகளைத் திறந்த வெளியில் நனையவிடுங்கள். இளம் இலை வெளுத்தால் இரும்பைக் கொடுங்கள். தண்ணீரை ஏசிப் பயனில்லை. பாஸ்பேட் உரத்தைக் கடின நீரில் கரைத்து நெடுநேரம் வைத்திருக்காதீர்கள். கால்சியத்துடன் சேர்ந்து படிந்துவிடும். அமில மண் விரும்பும் செடிகளுக்கு மழைநீரைச் சேமித்து ஊற்றுவது சிறந்தது. இல்லையேல் கொதித்துத் தெளிந்த நீர். வீட்டில் மென்னீர்க் கருவி பொருத்தியிருப்பவர்கள் செடிகளுக்கு மட்டும் கருவிக்கு முன்னுள்ள குழாயிலிருந்து நீர் பிடிப்பது நல்லது.

மண்ணில் குறைந்த இரண்டு அவுன்ஸை ஹெல்மான்ட் ஒதுக்கினார். அந்த இரண்டு அவுன்ஸ் எது, எங்கிருந்து வந்தது, எதனுடன் சேர்ந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போனதுதான் செடி உணவு பற்றிய அறிவியலின் வரலாறு. சோப்பு நுரைப்பதைக் கொண்டு துணி வெளுக்கலாம். செடி பூக்குமா என்பதைச் செடியின் அளவுகோலால்தான் கேட்க வேண்டும்.